யார் தலையில் யார் கை?

ஆவடியைத் தாண்டி வெள்ளானூர் பக்கம் போகிறவர்கள் கண்ணில் இரண்டு வகை பேனர்கள் தவறாமல் படும். ஒன்று, மனைப்பிரிவு விளம்பரம். இன்னொன்று, கோட்டும் டையுமாகச் சிரிக்கும் பாஸ்டர்களின் படம். வேல்டெக் கல்லூரிப் பேருந்துகள் திரும்புகிற சாலைகளை ஒட்டிய புது நகர்களில் வீடு கட்டி முடித்த கையோடு மாடியில் ஒரு தகரக் கொட்டகை எழும். ஒரு கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். அடுத்த ஞாயிறே ஆராதனை தொடங்கிவிடும். நடத்துகிறவர் பெயருக்கு முன்னால் 'பாஸ்டர்' என்று இருக்கும். சில இடங்களில் 'ரெவரெண்ட்', ஏன், 'பிஷப்' கூட இருக்கும். பட்டம் யார் கொடுத்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தேவன் அழைத்தார், வந்தேன். அவ்வளவுதான்.

இதைக் குறை சொல்ல எழுதவில்லை. பெரிய சபைகள் எட்டிப் பார்க்காத சந்துகளில் நோயாளியின் கட்டிலருகே நள்ளிரவில் உட்கார்ந்து ஜெபிக்கிறவர்கள் பல நேரங்களில் இவர்கள்தான். ஆனால் அதே தெருவில் குடியிருக்கிற லுத்தரன் குடும்பத்திடம் பேசிப் பாருங்கள். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்த பிறகு, வேலை தேடித் தஞ்சாவூர், கடலூர், திருச்சிப் பக்கமிருந்து வந்து வேரூன்றிய குடும்பங்கள் இந்தப் பகுதியில் நிறைய. பக்கத்தில் தங்கள் சபை இல்லாவிட்டால் புரசைவாக்கம் வரை போய்த் திருவிருந்து எடுக்கிறவர்களும் உண்டு. எதிர்வீட்டு மாடியிலேயே ஆராதனை நடக்கிறதே, ஏன் இத்தனை தூரம் என்றால், "அவர் ஐயர் இல்லையே" என்பார்கள். சபைகுருவை அவர்கள் வழக்கில் ஐயர் என்பார்கள், அவர் மனைவியை ஐயரம்மா. ஒருவர் எப்படி ஐயர் ஆகிறார்? அவரை ஐயர் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? தமிழ்நாட்டு லுத்தரன் சபைகள் முந்நூறு ஆண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருக்கும் கேள்வி இது.

தானாக வர முடியாது

லுத்தரன்களின் விசுவாச அறிக்கை 1530-இல் ஆக்ஸ்பர்க் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் வைக்கப்பட்டது. அதன் பதினான்காம் பிரிவு மிகச் சிறியது. முறைப்படி அழைக்கப்படாத எவரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கவோ திருவருட்சாதனங்களை நடத்தவோ கூடாது என்பது அதன் சாரம். வெள்ளானூர் மாடிக் கொட்டகைக்கும் புரசைவாக்கம் பலிபீடத்துக்கும் உள்ள தூரம் இந்த ஒரு விதிதான்.

வேடிக்கை என்னவென்றால், ஞானஸ்நானம் பெற்ற எல்லோரும் ஆசாரியர்களே என்று 1520-இல் முழங்கியவர் இவர்களின் முன்னோடியான லுத்தர்தான். எல்லோருக்கும் உரிமை இருப்பதாலேயே ஒருவர் தானாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது, மற்றவர்கள் அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் வாதம். கூட்டுப் பட்டாவில் இருக்கிற நிலத்தில் ஒரு பங்காளி மட்டும் போய் வேலி போட முடியாதல்லவா, அது மாதிரி.

ஒப்படைப்பதற்கு முன் பரிசோதிக்க வேண்டிய அவசியத்தையும் லுத்தர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். 1528 வாக்கில் சாக்சனி கிராமச் சபைகளைப் பார்வையிடப் போனபோது, பத்துக் கட்டளைகளையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத குருமார்கள் இருந்தார்கள். அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் 1529-இல் வெளிவந்த சிறிய ஞானோபதேசம். தமிழ் லுத்தரன் வீடுகளில் இன்றும் பிள்ளைகள் திடப்படுத்தலுக்கு முன் மனப்பாடம் செய்வது அதைத்தான். 1535 முதல் விட்டன்பர்க் பல்கலைக்கழக ஆசிரியர்களே ஆட்களுக்குத் தேர்வு வைத்துக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கினார்கள். 1537-இலிருந்து அதற்குப் பதிவேடே உண்டு. படித்தவர்கள் மட்டும் அதில் இல்லை; துணி நெய்கிறவர், அச்சுக்கூடத் தொழிலாளி எல்லோரும் இருக்கிறார்கள். ஆள் பற்றாக்குறை அன்றும் இருந்தது. தேர்வு இருந்தது, வாசலும் திறந்திருந்தது.

முதல் தேர்வில் தேறாதவர்

தமிழகத்துக்கு வந்த முதல் புராட்டஸ்டன்ட் மிஷனரியே குருத்துவத் தேர்வில் ஒருமுறை தேறாதவர் என்பது பல லுத்தரன்களுக்கே தெரியாது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்குக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பர்த்தலோமேயு சீகன்பால்குவையும் ஹென்றி புளுட்சாவையும் 1705-இல் கோபன்ஹேகனில் பரீட்சை செய்த பேராயர் போர்னெமன், இவர்கள் போதாது என்று திருப்பி அனுப்பினார். அரசர் தலையிட்டார். மறுபடி தேர்வு நடந்தது. இரண்டாம் முறை தேறிப் பட்டம் பெற்றுக் கப்பலேறியவர்கள் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அந்தப் பேராயரின் கறார் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் சிபாரிசு என்கிற சமாச்சாரம் நம் ஊர் லுத்தரன் வரலாற்றின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

வந்த பத்தே ஆண்டில், 1716-இல், சீகன்பால்கு உள்ளூர் ஊழியர்களுக்காக ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். மூன்று ஆண்டில் அவர் இறந்துபோனார். அவர் கையால் ஞானஸ்நானம் பெற்ற கடலூர்க்காரர் ஒருவர் குருப்பட்டம் இல்லாத ஊழியரான உபதேசியாராக வேலை பார்த்து, கிராமம் கிராமமாக நடந்து, 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் மண்டியிட்டார். இயற்பெயர் ஆறுமுகம், ஞானஸ்நானப் பெயர் ஆரோன். புராட்டஸ்டன்ட் குருவான முதல் இந்தியர் அவர்தான். மாயவரம் சுற்றுவட்டாரம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. 1745-இல் இறக்கும் வரை அந்தக் கிராமங்களிலேயே இருந்தார்.

ஆரோனின் பெயர் கல்வெட்டுகளில் இருக்கிறது. பக்கத்தில் இருக்க வேண்டிய இன்னொரு பெயர் இல்லை. ராஜநாயக்கன், தஞ்சைப் படையில் இருந்தவர். சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டைப் படித்துவிட்டு, கத்தோலிக்க சபையிலிருந்து 1727-இல் லுத்தரன் பக்கம் வந்தவர். தஞ்சை சீமையில் சபை வளர்ந்ததில் அவர் உழைப்பு பெரிது. அதற்காக அவர் குடும்பம் அடிபட்டது. தகுதி என்று பார்த்தால் யாருக்கும் குறைந்தவர் அல்ல. ஆனால் பறையர் சமூகத்தில் பிறந்தவர். அவர் கையால் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்குவார்களா என்று மிஷனரிகள் யோசித்தார்கள். யோசித்து, அவரைக் கடைசிவரை உபதேசியாராகவே வைத்தார்கள். 1741-இல் தியோகு என்பவருக்குப் பட்டம் கிடைத்தது. ராஜநாயக்கனுக்குக் கிடைக்கவில்லை. 1771-இல் அவர் உபதேசியாராகவே இறந்தார்.

கல்வி, ஒழுக்கம், அழைப்பு என்ற மூன்று தகுதிகளை எழுதி வைத்துக்கொண்டு, எழுதாத நான்காவது ஒன்றால் ஆளைக் கழிப்பது அன்று தொடங்கிய பழக்கம்.

அடுத்த நூற்றாண்டில் இதே விஷயம் வெடித்தது. தரங்கம்பாடிப் பணியை எடுத்துக்கொண்ட ஜெர்மனியின் லைப்சிக் மிஷன், ஜாதியைச் சமூக வழக்கமாகக் கருதி வளைந்துகொடுத்தது. குருப்பட்டம் வாங்கப் போகிறவராவது ஜாதியை விட்டேன் என்று காட்ட வேண்டாமா என்று சிலர் கேட்டார்கள். 1847-இல் மதுரை அமெரிக்கன் மிஷன், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று விதியே போட்டிருந்தது. லைப்சிக் மிஷனுக்குள் இந்தச் சண்டையை நடத்தியவர் கார்ல் ஓக்ஸ். தோற்றார், விலகினார். 1861-இல் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாகப் பணி தொடங்கினார். மூன்று ஆண்டில் டென்மார்க் மிஷன் சங்கம் அவரோடு சேர்ந்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்தக் கிளையில் காய்த்தது. யாரைக் குருவாக ஏற்பது என்ற வாதத்தில் ஒரு திருச்சபையே பிறந்திருக்கிறது!

இன்னொன்று உபதேசச் சண்டையில் பிறந்தது. வேதாகமத்தில் பிழையே இல்லை என்ற விஷயத்தில் லைப்சிக்குடன் முரண்பட்டு வெளியேறிய நேத்தர், மோன் என்ற இரு மிஷனரிகளை அமெரிக்காவின் மிசௌரி சினோடு ஏற்றுக்கொண்டது. 1895-இல் கிருஷ்ணகிரியில் அவர்கள் தொடங்கிய பணிதான் இன்று ஆம்பூர், நாகர்கோவில் எனப் பரந்த இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. ஆக, வெளியிலிருந்து பார்த்தால் லுத்தரன் என்பது ஒரே பெயர்ப்பலகை. உள்ளே குறைந்தது மூன்று வீடு, மூன்று சமையல்.

நான்கு ஆண்டு, பிறகு காத்திருப்பு

இன்றைக்கு ஒரு பையனோ பெண்ணோ குருத்துவத்துக்கு வர நினைத்தால் முதல் கதவு சொந்தச் சபைதான். ஞானஸ்நானப் பதிவு, திடப்படுத்தல் பதிவு, திருவிருந்தில் ஒழுங்காகக் கலந்துகொண்டதற்குச் சபைகுருவின் வார்த்தை, சபைச் சங்கத்தின் பரிந்துரை எல்லாம் வேண்டும். வாலிபர் சங்கத்தில் பாட்டுப் பாடி, ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி, அசனத்தில் பந்தி பரிமாறி ஊர் அறிந்த முகமாக இருந்தால்தான் அந்தப் பரிந்துரை சுலபமாகக் கிடைக்கும். பிறகு திருச்சபைத் தலைமையின் தேர்வும் நேர்முகமும். லைப்சிக் வழி வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்குத் தலைமையிடம் திருச்சியில் உள்ள தரங்கைவாசம். தமிழ்நாடு முழுக்க அந்தச் சபைக்கு ஒரே பேராயர். அவருடைய பதவிப் பெயருக்கு இன்றும் தரங்கம்பாடிதான் முகவரி.

தேர்வானால் திருச்சபையே தன் மாணவராக இறையியல் கல்லூரிக்கு அனுப்பும். தேர்வாகாமலும் சிலர் படிக்கிறார்கள். சொந்தக் காசில் பட்டம் வாங்கிவிட்டு, சபை எப்போது கூப்பிடும் என்று காத்திருக்கிறவர்கள். படிப்பு இருக்கிறது, அழைப்பு இல்லை. ஆக்ஸ்பர்க் விதிப்படி பட்டதாரிதான், குரு அல்ல. வேறு எந்தத் துறையிலும் சான்றிதழ் கையில் இருந்தும் இப்படி வெறுங்கையோடு நிற்கும் நிலை இவ்வளவு அப்பட்டமாக இருக்காது.

பி.டி. என்கிற இறையியல் இளநிலைப் பட்டம் பட்டதாரிகளுக்கு நான்கு ஆண்டு. பட்டம் கொடுப்பது வங்காளத்தில் உள்ள செராம்பூர் கல்லூரியின் செனட். அந்த ஊரும் தரங்கம்பாடி மாதிரியே டென்மார்க் வசம் இருந்தது. 1827-இல் டென்மார்க் அரசர் ஆறாம் பிரெடரிக் கொடுத்த சாசனத்தின் பலத்தில்தான் இன்றுவரை இறையியல் பட்டம் வழங்கப்படுகிறது. இரண்டு ஊர்களையும் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் போய்விட்டார்கள். சாசனம் போகவில்லை.

சென்னையில் இந்தப் படிப்பு நடக்கும் இடம் கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி. 1927-இல் தொடங்கியது. இந்தியாவின் பல லுத்தரன் சபைகளுக்கும் பொதுவானதால் ஆந்திரம், ஜார்க்கண்ட் என்று எல்லா மூலையிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள், படிப்பு ஆங்கிலத்தில். தமிழில் படிக்க வேண்டுமானால் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி. 1969-இல் லுத்தரன்களும் தென்னிந்தியத் திருச்சபையும் சேர்ந்து உண்டாக்கியது. மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே, உழைக்கும் மக்கள் குடியிருப்புகளில் தங்கிப் படிக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர்பெற்றது. 'பரட்டை' என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டில் கிறிஸ்தவப் பாட்டுகள் கட்டிய தியோபிலஸ் அப்பாவு அங்கேதான் ஆசிரியராக இருந்தார். பைப் ஆர்கனுக்கு இருந்த மரியாதை பறைக்கும் வேண்டும் என்று அடித்துச் சொன்னவர் அவர். மிசௌரி வழி வந்த சபைக்கு நாகர்கோவிலில் 1924 முதல் கன்கார்டியா இறையியல் கல்லூரி.

பாடத்திட்டத்தைப் பார்த்தால் வெளியாட்களுக்கு வியப்பாக இருக்கும். எபிரேயம், கிரேக்கம், சபை வரலாறு, லுத்தரன் உபதேசம் சரி. கூடவே இந்து சமயம், இஸ்லாம், சமூக ஆய்வு, பெண்ணியம், ஆற்றுப்படுத்தல். வெள்ளானூர் மாதிரி ஊரில் நாளைக்கு மாட்டப்போகிற ஐயருக்கு இதில் பாதி அவசியம். எதிர்வீடு அம்மன் கோயில், பக்கத்துத் தெரு பள்ளிவாசல், மேல்மாடி பெந்தெகொஸ்தே.

ஆனால் குருவை உருவாக்குவதில் வகுப்பறைக்கு இருக்கும் பங்கைவிட ஞாயிற்றுக்கிழமைக்குப் பங்கு அதிகம் என்பது என் கட்சி. இறையியல் மாணவர்களைச் சனி, ஞாயிறுகளில் சபைகளுக்கு அனுப்புவார்கள். காலையில் புறநகர் ரயிலைப் பிடித்து, ஆவடி மாதிரி ஒரு நிலையத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போய்ச் சேருவார் மாணவர். தோள்பையில் இஸ்திரி போட்ட அங்கி, வேதாகமம், நான்காக மடித்த பிரசங்கக் குறிப்பு. ஞாயிறு பள்ளி எடுப்பார், வேதபாடம் வாசிப்பார், ஐயர் விட்டால் பிரசங்கமும் செய்வார். திருவிருந்துப் பாத்திரத்தை மட்டும் தொட மாட்டார்; பட்டம் ஆகவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது, முன்வரிசைப் பாட்டி ஒருவர் மைக்கை விட்டு வாயைத் தள்ளி வைக்காதே தம்பி, ஒன்றும் விளங்கவில்லை என்பார். இன்னொருவர், ஜெர்மன் பெயர்கள் அத்தனை எதற்கு என்பார். இந்தத் தேர்வுக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் இதில் தோற்றவர்கள் பட்டம் பெற்ற பிறகும் தோற்றுக்கொண்டே இருப்பார்கள்.

படிப்பு முடிந்து சில காலம் ஏதாவதொரு சபையில் மூத்த குருவின் கீழ் வேலை பார்த்த பிறகுதான் குருத்துவ அபிஷேகம். வெள்ளை அங்கியில் வரிசையாக மண்டியிடுகிறார்கள். பரிசுத்த வேதத்துக்கும் லுத்தரன் விசுவாச அறிக்கைகளுக்கும் ஏற்றபடி போதிப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். பேராயரும் சூழ நிற்கும் குருமார்களும் ஒவ்வொருவர் தலையிலும் கை வைக்கிறார்கள். கழுத்துப் பட்டி அணிவிக்கப்படுகிறது. அன்று மாலை முதல் வீட்டுப் பெரியவர்களே அவரை வா போ என்று கூப்பிடத் தயங்குவார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம்

தேர்வுகள் கடினமா, படிப்பு தரமானதா என்று விவாதிக்கிறோம். என் பார்வையில் சிக்கல் அங்கே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்பதில் இருக்கிறது.

முதல் தமிழ்க் குருவுக்கு 27 ஆண்டு காத்திருந்த சபை, முதல் தமிழ்ப் பேராயருக்கு 250 ஆண்டு காத்திருந்தது. முதல் உலகப் போரில் லைப்சிக் மிஷனரிகளை ஆங்கில அரசு வெளியேற்றியதால்தான் 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை சுயமாக அமைந்தது. அப்போதும் பேராயராக 1921-இல் அமர்ந்தவர் சுவீடனின் எர்ன்ஸ்ட் ஹேமான். அவருக்குப் பின் இன்னும் இரண்டு சுவீடன்காரர்கள். 1956-இல் ராஜா மாணிக்கம் வந்த பிறகே தமிழர் ஒருவரின் கை, தமிழ்க் குருமார்களின் தலையில் பேராயர் என்ற உரிமையோடு விழுந்தது.

அதிகாரம் ஊருக்கு வந்ததும் ஊர்ச் சண்டைகளும் கூடவே வந்தன. பேராயர் தேர்தல், ஆலோசனைச் சங்கத் தேர்தல் என்று அணிகள் பிரிந்து, வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் போய், நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகள் சபையை நடத்திய காலங்கள் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் குருத்துவ மாணவரின் பாடு திண்டாட்டம். எந்தத் தலைமை தன்னைத் தேர்ந்தெடுத்ததோ அது மாறினால், தன் பெயர் பட்டியலில் இருக்குமா என்ற கவலை. இடமாற்ற உத்தரவு வருகிற மாதங்களில் குருமனைகளில் பேச்சு வேறு எதைப் பற்றியும் இருக்காது. பெரிய நகரச் சபை யாருக்கு, வருமானம் இல்லாத கிராமச் சபை யாருக்கு, ஏன்?

மிசௌரி மரபில் இதற்கு வேறு வழி உண்டு. அமெரிக்காவில் அந்தச் சபைகளில் குருவை அழைப்பது உள்ளூர் சபையின் உரிமை. சபையார் கூடி வாக்களித்து அழைப்புக் கடிதம் அனுப்புவார்கள். குரு ஏற்கலாம், மறுக்கலாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் சபையே ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டால், பல இடங்களில் ராஜநாயக்கன் கதையே திரும்ப நடக்கும். பேராயர் அனுப்புகிறார், வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள் என்கிற ஏற்பாடு இல்லாவிட்டால் சில பழைய ஊர்களில் ஒடுக்கப்பட்ட சமூகத்துக் குரு ஒருவர் பலிபீடத்துப் படி ஏறியிருக்கவே முடியாது. ஜனநாயகம் என்ற பெயரால் எல்லாவற்றையும் உள்ளூர்க் கையில் விடத் தயங்குகிறேன். அதே சமயம் தலைமைக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பட்டியல் போடவும் இந்த அதிகாரம்தான் வசதி. இரண்டுக்கும் நடுவே வழி காண்பது சபைகளின் வேலை.

காலம் சில கணக்குகளைத் தீர்த்திருக்கிறது. ராஜநாயக்கனைத் தள்ளிவைத்த மரபின் கல்லூரியான குருகுலில்தான் தலித் இறையியலுக்குத் தனித் துறை அமைந்தது. அதன் முதல் தலைவர் அரவிந்த் நிர்மல். 1990-களில் இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையையே அந்தத் துறை உலுக்கியது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் இன்று பெண்களும் அங்கி அணிந்து திருவிருந்து நடத்துகிறார்கள். மிசௌரி வழிச் சபையில் பெண்களுக்குக் குருப்பட்டம் இல்லை. வேதம் அனுமதிக்கவில்லை என்பது அவர்கள் நிலை. பட்டம் பெற்ற பெண்களின் நிலையும் முழுக்கச் சீரானதல்ல. தங்கள் பெண் ஐயரிடம் பிள்ளைக்கு ஞானஸ்நானம் வாங்குகிற குடும்பமே, வீட்டில் கல்யாணம் என்றால் 'பெரிய ஐயர்' ஒருவரைத் தேடுவது நடக்கிறது. தலைமை ஒப்புதல் கொடுத்துவிட்டது. சபையாரின் ஒப்புதல் இன்னும் தவணை முறையில்தான் வருகிறது.

வெள்ளானூர், மோரை, வீராபுரம் என்று ஆவடியின் வடக்கே வீடுகள் முளைக்கும் வேகத்துக்கு, நான்கு ஆண்டுப் படிப்பும் பயிற்சிக் காலமும் முடித்து வருகிற குருமார்கள் ஈடுகொடுக்க முடியாது. ஒரே ஐயர் ஒரே ஞாயிறில் இரண்டு, மூன்று இடம் ஓடுவது புறநகர்ச் சபைகளில் சகஜம். விட்டன்பர்க் பதிவேட்டில் துணி நெய்கிறவருக்கும் அச்சுத் தொழிலாளிக்கும் இடம் கொடுத்தது போல, தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற, சபை முழுக்க அறிந்த மூப்பர் ஒருவரை இரண்டு ஆண்டு பகுதிநேரமாகப் பயிற்றுவித்து, தேர்வு வைத்து, தன் பகுதிக்கு மட்டும் குருவாக ஏற்றால் என்ன என்பது சினோடு கூடும்போது யாராவது எழுப்ப வேண்டிய கேள்வி. பதினான்காம் பிரிவு அதைத் தடுக்கவில்லை. அது கேட்பது முறையான அழைப்பை. எத்தனை ஆண்டு விடுதியில் தங்கிப் படித்தாய் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.